14 உணவுகளை நிறுத்தச் சொல்கிறது ரிப்போர்ட். நிறுத்தலாமா?

கவின்_அம்மா: மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். நான்கு மாதமாக வயிறு சரியில்லை. மூன்று நாள் ஆய் போகவே மாட்டான், அப்புறம் ஒரே நாளில் நாலைந்து தடவை தண்ணியாகப் போகும். மாமியார் மாந்தம் என்கிறார், வசம்பு உரசிக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு லேபில் 90 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பால், கோதுமை, முட்டை, வேர்க்கடலை, துவரம்பருப்பு என்று 14 உணவுகள் சிவப்பில் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் நிறுத்தவா?

தேன்மொழி_மதுரை: நிறுத்துங்கள் சிஸ்டர், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். என் மகளுக்கு ஏழு மாதத்தில் மலத்தில் சீதமும் ரத்தக் கோடும் வந்தது. மூன்று டாக்டர்கள் "பல் முளைக்கிற நேரம், சரியாகிவிடும்" என்றே அனுப்பினார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் நானே பால், தயிர், நெய், பிஸ்கட் எல்லாம் விட்டேன். மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. குழந்தையின் வயிறு அம்மாவுக்குத் தெரியும்.

நிலா_அப்பா: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் ஐஜிஜி என்று இருக்கிறதா, ஐஜிஇ என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரத வகைகள்; ஒவ்வாமையோடு தொடர்புள்ளது ஐஜிஇ. ஐஜிஜி என்றால், குழந்தை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் அப்படி ஒரு தாளை நம்பி ஐந்து மாதம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்தோம். 10.2 கிலோ இருந்த பெண் 9.6 ஆனாள். வயிறு அப்படியேதான் இருந்தது.

தேன்மொழி_மதுரை: அப்படியென்றால் நான் பார்த்த ரத்தம் பொய்யா? உங்களைப் போல் பேசித்தான் எங்களை இரண்டு மாதம் அலைய விட்டார்கள்.

நிலா_அப்பா: பொய் என்று எங்கே சொன்னேன்? நீங்கள் நிறுத்தியது பால் ஒன்றை, அதுவும் ரத்தம் பார்த்த பிறகு. இவர் 14 உணவுகளை நிறுத்தப் போகிறார். ஒன்று கேட்கிறேன், திரும்பக் கொடுத்துப் பார்த்தீர்களா?

தேன்மொழி_மதுரை: பார்த்தேன். நாலாவது டாக்டர் சொல்லித்தான். ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டேன். இரண்டாம் நாளே டயப்பரில் மறுபடி அந்தக் கோடு. அப்போதுதான் பால் புரதம்தான் காரணம் என்று உறுதியானது. இப்போது மூன்று வயது, தயிர் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது.

கொங்கு_ராசு: எங்கள் ஊரில் மாட்டுப்பால் சேராத பிள்ளைக்கு ஆட்டுப்பால்தான். அதற்கு மாற்றுங்கள் அம்மணி.

வார்டு_செவிலி: அண்ணா, அது வேண்டாம். இரண்டு பாலிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது.
கவின் அம்மா, நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? எடை ஏறுகிறதா? ஆய் வரும்போது எப்படி நிற்பான்?

கவின்_அம்மா: 240 மில்லி பாட்டில், நாலு தடவை. எடை ஏறுகிறது. திரைச்சீலைக்குப் பின்னால் போய் அதைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், காலைப் பின்னிக்கொண்டு நிற்பான். முகம் சிவந்துவிடும். பாவம், அவ்வளவு முக்குகிறான்.

வார்டு_செவிலி: அவன் முக்கவில்லை அம்மா, அடக்குகிறான். ஒரு தடவை கெட்டியாகப் போய் வலித்திருக்கும், அதிலிருந்து பயம். உள்ளே மலம் கட்டிக்கொள்ள, அதன் ஓரமாகத் தண்ணியாகக் கசிவதும் உண்டு. அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்தால் இன்னும் கட்டும். 960 மில்லி பால் ரொம்ப அதிகம். இந்த வயதுக்கு அரை லிட்டர் போதும். வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு, காய் இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். டாக்டரிடம் இந்த நுனிக்கால் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். மலத்தை இளக்கும் மருந்தை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். விளக்கெண்ணெய் தொட்ட வெற்றிலைக் காம்பை வைப்பது பயத்தைக் கூட்டும். வசம்பு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அசரோன் என்ற தீங்கான வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள்.

தேன்மொழி_மதுரை: பால் ஒவ்வாமையாலும் மலச்சிக்கல் வரும். அதை விட்டுவிட்டீர்களே.

வார்டு_செவிலி: சரிதான், சிலருக்கு வரும். மருந்து கொடுத்தும் சரியாகவில்லை என்றால் டாக்டர் சொல்லி இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலை மட்டும் நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், எடை இறக்கம், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கவின்_அம்மா: வேர்க்கடலைச் சட்னி பத்து மாதத்திலிருந்து சாப்பிடுகிறான். தடிப்பு, வீக்கம் எதுவும் வந்ததில்லை. அதையாவது நிறுத்தட்டுமா?

நிலா_அப்பா: வேண்டாம். 2015-ல் இங்கிலாந்தில் வந்த லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை கொடுத்து வந்தார்கள். ஐந்து வயதில் அவர்களிடம் அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. ஒத்துக்கொண்டதைப் பறிக்காதீர்கள்.

தேன்மொழி_மதுரை: சிஸ்டர், நான் இன்னும் டாக்டர்களை முழுசாக நம்பவில்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். என்ன சாப்பிட்டான், எப்போது போனான், எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நாலாவது டாக்டர் என் பேச்சைக் கேட்டது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான்.

கவின்_அம்மா: இன்று காலையிலிருந்தே எழுத ஆரம்பித்துவிட்டேன் அக்கா. திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட். பாட்டிலை இரண்டாகக் குறைக்கிறேன்.