மதிப்பீட்டுக் குழுவில் அவர் பெயர்: யாரிடம் அறிவிப்பது?

கோலாலம்பூரில் முனைவர் பட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதே துறை விரிவுரையாளர் ஒருவரும் நானும் ஜனவரியிலிருந்து காதலிக்கிறோம். இருவரும் விரும்பித்தான். அவர் என் மேற்பார்வையாளர் இல்லை என்பதால் அப்போது சிக்கல் தெரியவில்லை. போன வாரம் வந்த கடிதத்தில், என் ஆய்வு முன்மொழிவை மதிப்பிடும் மூவரில் அவர் பெயரும் இருக்கிறது. தேதி அடுத்த மாதம் 14. அப்புறம், என் பகுதிநேர டியூட்டர் வேலைக்கான கிளேம் பாரத்தில் மாதாமாதம் கையெழுத்திடுவதும் அவர்தான்.

பல்கலைக்கழகக் கையேட்டை இரண்டு முறை புரட்டினேன். பாலியல் தொல்லை பற்றி நான்கு பக்கம், இருவரும் விரும்பிய உறவைப் பற்றி ஒரு வரி இல்லை. 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டமும் (சட்டம் 840) விருப்பமில்லாத நடத்தையைப் பற்றியது. இப்படி ஓர் உறவை அறிவிக்க பாரம் உண்டா என்று முதுநிலைப் பிரிவு கவுண்டரில் பெயர் சொல்லாமல் கேட்டேன். அங்கிருந்த மலாய்க்கார அக்கா இழுப்பறையைத் துழாவிவிட்டு, அப்படி ஒரு பாரமே இல்லை என்றார்.

என் காதலர் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து விலகத் தயார். ஆனால் காரணம் எழுத வேண்டுமே, உடல்நிலை என்று பொய் எழுத எனக்கு மனமில்லை. ராத்திரி பகலாக உழைத்து வாங்கும் பட்டத்தை நாளை யாரும் குறை சொல்லக் கூடாது. துறைத் தலைவர் அவருடைய நெருங்கிய நண்பர் வேறு.

இப்படி அறிவித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கடிதத்தை முதலில் துறைத் தலைவரிடம் கொடுப்பதா, புல முதல்வரிடமா, இன்டகிரிட்டி (நேர்மை) பிரிவிலா?