கரையான் பானை வைத்த பிறகுதான் குஞ்சு நிலைத்தது

எல்லாருக்கும் வணக்கம். ஜீப்ரா ஃபின்ச், பெங்காலிஸ் போன்ற சின்னக் கூண்டுப் பறவைகளை வளர்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். வேக்ஸ்பில் என்கிற, தானியம் தின்னும் சின்னஞ்சிறு பறவை வகையில் குஞ்சு எடுத்தவர்கள் குறைவு. அந்த வகையில் கார்டன் புளூ என்ற நீலப் பறவையோடு மூன்று வருடமாக நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். பின்கட்டில் தோப்பை ஒட்டி 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் கூண்டு அடித்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஓடு, மீதி வெறும் வலை. இந்தப் பறவை ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே வறண்ட புல்வெளிகளில் திரிவது. அறிவியல் பெயரில் பெங்காலஸ் என்று இருப்பதைப் பார்த்து வங்காளத்துப் பறவை என்று விற்கிறவர்களே சொல்வார்கள். 1766-ல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது ஊரைத் தப்பாக நினைத்து வைத்த பெயர் அது. நானும் அதை நம்பி, நம் ஊர் மழை இதற்குப் பழக்கமாகத்தான் இருக்கும் என்று ஐப்பசியில் வாங்கி நேராகப் பெரிய கூண்டில் விட்டுவிட்டேன். நான்காம் நாள் காலையில் பெண் பறவை உடம்பை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. ஆண் பறவை இன்னும் இரண்டு நாள் இருந்தது. பத்து கிராம்தான் எடை. அதற்குள் என்ன சேமிப்பு இருக்கும்? ஒரு ராத்திரி சாரலில் நனைந்தால் போதும்.

அடுத்த ஜோடியை மாசியில், வெயில் ஏறும்போது வாங்கினேன். முதல் மூன்று வாரம் வீட்டுக்குள் சின்னக் கூண்டில் வைத்திருந்து, நன்றாகத் தின்கிறது, எச்சம் கெட்டியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே வெளியே விட்டேன். ஆணுக்குக் கன்னத்தில் குங்குமம் அப்பியது போலச் சிவப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. வெளியே விட்ட பத்தாம் நாள் ஆண் பறவை நீளமான அருகம்புல் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, கிளையில் எம்பி எம்பிக் குதித்துப் பாடியது. பெண்ணும் கூடச் சேர்ந்து ஆடியது. இதற்கு நெருங்கிய இனமான நீலத்தலை கார்டன் புளூவை ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குதிப்பிலும் நம் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் காலால் பலமுறை கிளையைத் தட்டுகிறதாம். ஆணும் தட்டுகிறது, பெண்ணும் தட்டுகிறது. அதைப் படித்த பிறகு நான் கண்ணால் பார்ப்பதோடு காதையும் கொடுக்கிறேன்.

தேங்காய் நாரும் கோழி இறகும் வைத்து, உருண்டையாகக் கூடு கட்டின. நாலு முட்டை. பன்னிரண்டாம் நாள் மெல்லிய சத்தம் கேட்டது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மூன்றாம் நாள் காலை கூண்டைத் திறந்தால் சிமெண்டுத் தரையில் ஒரு குஞ்சு கிடந்தது. மொச்சைக் கொட்டை அளவுதான். கண் திறக்கவில்லை. கழுத்துத் தோல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இரை இருந்தால் வெளியிலேயே தெரியும். ஒன்றுமே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் மற்ற மூன்றும் கீழே வந்துவிட்டன. அடுத்த ஈட்டிலும் இதே கதை. ஆணைப் பிரித்து வை என்றார் ஒருவர், ஜோடி சரியில்லை, மாற்று என்றார் இன்னொருவர்.

காரணம் சாப்பாடு. பெற்றோருக்குத் தினையும் சாமையும் போதும். குஞ்சுக்கு முதல் பத்து நாள் உயிருள்ள பூச்சி வேண்டும். காட்டில் இவை கரையானைத் தேடித் தேடிப் பொறுக்கும். அது கிடைக்காத இடத்தில் குஞ்சை வளர்க்க முடியாது என்று பறவைக்குத் தெரிகிறது, தூக்கிப் போட்டுவிடுகிறது. அவித்த முட்டையை மசித்து வைத்தேன், என் ஜோடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது அம்மா சொன்ன வழிதான் கைகொடுத்தது. நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அந்தக் காலத்தில் செய்வார்களே, அதேதான். பழைய மண்பானையில் சோளத்தட்டை, கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்து எடுத்தால் பானை நிறைய நெளியும். ஒரு தட்டில் கொட்டி வைத்த முதல் நாள் ஆண் பறவை வந்து ஒன்றைக் கவ்வி, அலகிலேயே இரண்டு தரம் நசுக்கி விழுங்கியது. பிறகு தட்டை விட்டு நகரவே இல்லை. ஒரேயடியாகக் கொட்டாமல் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். அந்த ஈட்டில் பொரித்த நாலில் மூன்று குஞ்சு பத்தொன்பதாம் நாள் வெளியே வந்தன. அலகு கறுப்பு, உடம்பில் மங்கலான நீலம். ராத்திரியானால் பெற்றோர் மூன்றையும் பழைய கூட்டுக்கே கூட்டிப்போய்த் தூங்க வைத்தன.

ஒரு எச்சரிக்கை. தென்னைக்கு வேரில் மருந்து கட்டிய தோப்பிலோ, கரையான் மருந்து ஊற்றிய இடத்திலோ பானை வைக்காதீர்கள். நான் எங்கள் மாட்டுக்கொட்டகைப் பின்புறத்தில் மட்டும் வைக்கிறேன்.

* * *

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் சென்னை. ஆறு வருடம் முன்பு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் "பச்சை வேக்ஸ்பில், வெளிநாட்டு ஐட்டம், பிரீடிங் பேர்" என்று சொல்லி இரண்டு பறவை கொடுத்தார்கள். அழகான கிளிப்பச்சை. வீட்டுக்கு வந்து குளிக்கத் தண்ணீர் வைத்தேன். அரை மணியில் தண்ணீர் பச்சையாகிவிட்டது, பறவையின் மார்பில் மீன் செதில் மாதிரி பழுப்புக் கோடு தெரிந்தது. நம் வயல்வெளியில் பறக்கிற புள்ளிச் சில்லை! சாயம் அடித்து விற்றிருக்கிறார்கள். இறகை நக்கிச் சுத்தம் செய்வது போல அலகால் கோதுகிற பறவை அது. அந்தச் சாயமெல்லாம் வயிற்றுக்குள்தானே போகும்? ஒன்று மறுநாளே செத்துப்போனது. இன்னொன்றை வனத்துறையில் ஒப்படைத்தேன். நம் நாட்டுச் சில்லைகளை வாங்குவதும் வைத்திருப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்ட்ராபெரி ஃபின்ச் என்று ஆசைகாட்டுவதும் நம் சிவப்புச் சில்லையைத்தான். கலர் பார்த்து வாங்காதீர்கள், தயவுசெய்து.

* * *

நான் கோத்தகிரி. இங்கே பிரச்சினை மழையைவிடக் குளிர். ஸ்டார் ஃபின்ச் வைத்திருக்கிறேன். மார்கழியில் பெண் பறவை முட்டை போட முடியாமல் சிக்கிக்கொண்டது. தரையில் உப்பிப்போய், வால் மேலும் கீழும் ஆட, கண்ணை மூடி மூடித் திறந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து, 40 வாட் குண்டு பல்பு ஒரு ஓரத்தில் எரியவிட்டு உள்ளே வைத்தேன். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விட்டேன். வயிற்றை அமுக்கவே இல்லை. உள்ளே முட்டை உடைந்தால் பறவை பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் போனில் எச்சரித்திருந்தார். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முட்டை வந்தது, ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. சுண்ணாம்புச் சத்து போதவில்லை. அன்றிலிருந்து நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்கிற கணவாய் ஓடு வாங்கிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறேன், காலை வெயில் படுகிற மாதிரி கூண்டையும் திருப்பிவிட்டேன். கார்த்திகை பிறந்தால் கூடுகளை எடுத்துவிடுவேன், மாசியில்தான் திரும்ப வைப்பேன். ஈடு குறையும். பறவை இருக்கும்.

* * *

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். வலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அரை அங்குலக் கண் வலை போதும் என்று நினைத்தேன். ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் கொம்பேறி மூக்கன். மெலிசாக உள்ளே நுழைந்தது, இரண்டு பறவையை விழுங்கியதில் வயிறு புடைத்து, அதே கண் வழியாக வெளியேற முடியாமல் பாதி உடம்பு வலையில் சிக்கி நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு வந்துவிட்டார். விஷமில்லாத பாம்பு, அது தன் பசிக்கு வந்தது என்று சொல்லி, கம்பியை வெட்டித் தோட்டத்தில் விட்டேன். கால் அங்குல வலை இரண்டாவதாக ஒன்று வெளியே அடித்த பிறகு தொந்தரவு இல்லை. மீதிப் பறவைகள் ஒரு வாரம் ராத்திரியில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் இருட்டில் பறந்து மோதின. ஜீரோ வாட் பல்பு ஒன்று இரவு முழுக்க எரியவிட்டேன், அடங்கின.

* * *

அண்ணா, ஒரு சந்தேகம். நான் திருச்சி, மாடியில்தான் இடம். கரையானுக்கு எங்கே போவது? பெங்காலிஸ் ஜோடியிடம் முட்டையை வைத்துப் பொரிக்கவிடலாமா?

* * *

தம்பி, பெங்காலிஸ் நல்ல தாய்தான். நம் வெண்முதுகுச் சில்லையின் வம்சம், ஜப்பானில் சுமார் 250 வருடம் கூண்டிலேயே வளர்ந்து சாதுவாகிப்போன பறவை. கோல்டியன் ஃபின்ச் முட்டையை வைத்தால் குஞ்சை வளர்த்துவிடும். ஆனால் அது குஞ்சுக்குப் பெரும்பாலும் தானியத்தைத்தான் ஊட்டும், பூச்சி தேடாது. நான் ஒரு தடவை கார்டன் புளூவின் மூன்று முட்டையை அதனிடம் மாற்றி வைத்தேன். மூன்றும் பொரித்தன, ஆறாம் நாளுக்கு மேல் ஒன்றும் தாண்டவில்லை. அதற்கப்புறம் அந்த வழிக்கு நான் போகவில்லை.

மாடி என்றால் பழ ஈ வளர்க்கலாம். கனிந்த வாழைப்பழத்தை ஒரு டப்பாவில் போட்டு, சின்ன ஓட்டை போட்ட மூடியோடு கூண்டுக்குள்ளேயே வைத்துவிடு. ஈ வெளியே வர வர, பறவை ஓட்டையருகே காத்திருந்து பிடிக்கும். பானை அளவுக்கு வராது, அதனால் நாலு டப்பாவாவது சுழற்சியில் வேண்டும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வை, இல்லையென்றால் பழத்துக்கு வருகிற எறும்பு கூட்டுக்குள் போய்விடும். முக்கியமாக, முதலில் ஈ பெருகட்டும், அப்புறம் கூடு வை. பறவை முட்டையிட்ட பிறகு இரை தேடி ஓடினால் நாள் பத்தாது.

மார்த்தாண்டத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை என் வலையை அளந்து பார்த்தேன். ஓட்டுக்குக் கீழே ஒரு மூலையில் அரை அங்குலம்தான். ஆசாரியை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டில் இப்போது ஐந்து முட்டை, இன்று ஏழாம் நாள். ஆண் பறவை அடையில் இருக்கிறது, பெண் வெளியே தினைக்கதிரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆணி அடிக்கிற சத்தம் கூட்டுக்கு ஆகாது என்பதால் கட்டுக்கம்பியால் மட்டும் கட்டித் தரச் சொன்னேன்.