கசகசா கூட சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதாமே, நெஜமா?

உறையூர்_பையன்:
தம்பிக்கு எஸ் பாஸ், அதான் சிங்கப்பூர் வேலை அனுமதி, வந்துடுச்சு, அடுத்த வாரம் திருச்சியில இருந்து ஃப்ளைட். அம்மா மூணு நாளா பேக்கிங், பருப்புப்பொடி மாவடு எல்லாம் போட்டு குருமாவுக்குன்னு கால் கிலோ கசகசாவும் வச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டு மாமா பாத்துட்டு, ஐயோ அதை வெளிய எடுங்க அந்த ஊர்ல போதை கேஸுன்னா தூக்குதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, அம்மா ஒரே அழுகை. அங்க இருக்கிறவங்க சட்டம் எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க. இவ்வளவு பயமுறுத்தி அங்க போதை ஒழிஞ்சிடுச்சா?

தேக்கா_அக்கா:
கசகசாவுக்குத் தூக்கு இல்லப்பா, அம்மாவை மொதல்ல தண்ணி குடிக்கச் சொல்லு 😄 ஆனா எடுத்துடுங்க. அது ஓபியம் செடியோட விதைதானே, மார்ஃபின் ஒட்டியிருக்கும்னு இங்க அதுக்குக் கட்டுப்பாடு உண்டு. முந்திரிய அரைச்சு ஊத்துனா குருமா நல்லாவே வரும். அதைவிட மாத்திரைய பாருங்க, தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக் இதெல்லாம் டாக்டர் சீட்டு இருந்தா கூட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், செக் பண்ணாம பைல போடாதீங்க.

உட்லண்ட்ஸ்_வாசி:
மாமா சும்மா சொல்லல தம்பி. இங்க போதைப்பொருள் சட்டம் 1973ல வந்தது, 1975ல தூக்கைச் சேத்தாங்க. சுத்தமான ஹெராயின் 15 கிராமுக்கு மேல, கஞ்சா 500 கிராமுக்கு மேல, ஐஸ்னு சொல்ற மெத்தாம்ஃபெட்டமின் 250 கிராமுக்கு மேல கடத்துனது நிரூபணமாச்சுன்னா தூக்குதான். 2013க்கு அப்புறம் ஒரு சின்ன வழி விட்டிருக்காங்க, வெறும் கூலிக்குத் தூக்கிட்டு வந்தவன்னு கோர்ட் நம்பி, அவன் கொடுத்த தகவல் கடத்தலை முறியடிக்க உதவுச்சுன்னு அரசு வக்கீலும் சர்டிஃபிகேட் கொடுத்தா ஆயுள் தண்டனையும் குறைஞ்சது 15 பிரம்படியும். இதுல உங்க தம்பி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் கிராம் கணக்கு இல்ல. பை உன் கைல இருந்தா உள்ள இருக்கிறது உன்னோடதுன்னு சட்டமே அனுமானிச்சுக்கும், என்ன பொருள்னு உனக்குத் தெரியும்னும் அனுமானிச்சுக்கும், எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்கிற வேலை உன் தலைல. ஏர்போர்ட்ல ஊர்க்காரர்னு எவனாவது ஒரு பார்சல் கொடுத்தா, சொந்த மாமனாவே இருந்தாலும் வாங்கக்கூடாது.

ஜேபி_மச்சான்:
ஒழிஞ்சிடுச்சான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு வரேன். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியால. மாட்டுறவன் யாருன்னு பாத்தா கடன்ல இருக்கிற பையனுங்கதான், முதலாளி எங்கயோ ஏசி ரூம்ல இருப்பான். 2022ல சிங்கப்பூர்ல தூக்குல போட்ட எங்க ஊர்த் தமிழர், தொடைல கட்டிட்டுப் போனது 42 கிராம் சொச்சம் ஹெராயின், ஐக்யூ 69னு கோர்ட்லயே பேசுனாங்க, அப்படியும் விடல. இங்க 2023ல கட்டாயத் தூக்கை எடுத்துட்டோம், ஜட்ஜ் நெனச்சா வேற தண்டனை கொடுக்கலாம். அதனால மலேசியா ஒண்ணும் கெட்டுப் போயிடல லா.

உட்லண்ட்ஸ்_வாசி:
@ஜேபி_மச்சான் அந்தக் கேஸ் எனக்கும் மனசு கேக்கல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொண்ணு தனியா பஸ் ஏறி வர்றா, பிளாக்குக்குக் கீழ ஊசி கிடந்து நான் பாத்ததே இல்ல. அது தூக்கால வந்ததா, செக்பாயிண்ட் சோதனையால வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது.

பேரு_வேணாம்:
எல்லாரும் தூக்கு பத்தியே பேசுறீங்க, பயன்படுத்துறவனை என்ன பண்றாங்கன்னு யாரும் சொல்லல. என் அண்ணன் டிஆர்சில இருந்தான், அதான் மறுவாழ்வு மையம், பேர்தான் அப்படி, இருக்கிறது ஜெயில் மாதிரிதான். வெளிய வந்தப்புறமும் வருஷக்கணக்குல சிறுநீர் டெஸ்ட், முடி டெஸ்ட். ஒரு நாள் ஓவர்டைம்னு போகல, அதுக்கு அவ்வளவு விளக்கம் கொடுக்க வேண்டியதா போச்சு. இப்ப லாரி ஓட்டுறான், நல்லா இருக்கான், ஆனா அவனைக் காப்பாத்துனது சட்டமா எங்க அண்ணியான்னு கேட்டா நான் அண்ணின்னுதான் சொல்லுவேன். இன்னொன்னு, இங்க குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரவாசம்) இருக்கிறவன் பாங்காக் போய் கஞ்சா இழுத்துட்டு வந்தாலும் இங்க கேஸ் போடலாம். இப்ப புது தலைவலி கேபாட்னு ஒரு வேப் (எலக்ட்ரானிக் சிகரெட்), எட்டோமிடேட்ங்கிற மயக்க மருந்து கலந்தது, 2025 செப்டம்பர்ல அதையும் போதைப்பொருள் லிஸ்ட்ல சேத்துட்டாங்க. ஸ்கூல் பசங்க கைலயே சிக்குது அது.

உறையூர்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. கசகசா வெளிய எடுத்தாச்சு, பார்சல் விஷயத்தை அவன்கிட்ட சத்தியமே வாங்கிட்டேன். அப்புறம் அம்மாவுக்குத் தெரியாம ஒண்ணு கேக்கணும், அவன் புகையிலை மெல்லுவான், ரெண்டு பாக்கெட் பேண்ட் பைல வச்சிருக்கான்.

தேக்கா_அக்கா:
அதுவும் இங்க தடைதான்டா. வீட்லயே துப்பிட்டு வரச் சொல்லு.