சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில்: தங்கைக்கு என்ன சொல்வது?

கிழக்குத்தெரு:
மூன்று தலைமுறையாகக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஆனால் தாத்தா காலத்திலிருந்தே சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர்தான். எனக்கும் தங்கைக்கும் சின்ன வயதில் ஞானஸ்நானம் கொடுக்காததற்கும் அதுதான் காரணம். 2016இல் ஞானஸ்நானம் எடுத்த கையோடு தாசில்தார் அலுவலகத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிக் கொடுத்து பிசி சான்றிதழ் வாங்கினேன். அதற்கப்புறம் எழுதிய இரண்டு தேர்விலும், எஸ்சியாக இருந்தால் வேலை கிடைத்திருக்கும் அளவுக்கு மதிப்பெண் எடுத்தும் கிடைக்கவில்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன். இப்போது தங்கை குரூப் 4க்குப் படிக்கிறாள், ஞானஸ்நானம் எடுக்கவும் ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்கட்டும், அதுவரை பொறு என்கிறார் அப்பா. அவளும் உண்மையை எழுத வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எரிகோ:
வேண்டாம் தம்பி. ஆண்டவர் கேட்காத விலையை நீ ஏன் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறாய்? இந்த விலையை வைத்தது 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றார்கள், 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நம்மை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் ஊர்த்தெருவில் உன்னைப் பெயருக்குப் பின்னால் 'அண்ணா' போட்டுக் கூப்பிட்டார்களா? சாதி போகவில்லை, சலுகை மட்டும் போகிறது. வேதாகமத்தில் வருகிற சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துப் பார். ராஜாவோடு அவர் தெய்வமான ரிம்மோன் கோவிலில் நான் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக என்றான். தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை, 'சமாதானத்தோடே போ' என்றுதான் சொன்னார்.

கிழக்குத்தெரு:
அண்ணா, நாகமான் அதை ஒளிக்கவில்லையே, தீர்க்கதரிசியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனான். நாமோ கையெழுத்துப் போட்டு இல்லாததை எழுதுகிறோம். 'மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன்' என்கிற வசனத்தை வாசித்துவிட்டு அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது? சட்டப்படியும் ஆபத்துதான். சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காக எஸ்சி சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றே சொல்லிவிட்டது. இன்னொன்று, அந்த ஆணையை மாற்றச் சொல்லித்தான் 2023இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாம் எல்லோரும் இந்து என்று எழுதிக்கொண்டே இருந்தால் தலித் கிறிஸ்தவர் என்று ஆட்கள் இருப்பதே கணக்கில் வராது, அப்புறம் யாருக்காக மாற்றுவார்கள்?

எரிகோ:
கணக்கில் வருவதற்காக ஒரு பெண்ணின் சம்பளத்தை விடச் சொல்கிறாயா?

ஊசிகோபுரம்:
கிழக்குத்தெரு தம்பி, நான் நீ சொல்கிற பக்கம்தான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விலை கொடுப்பது பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைச் சொல்கிறார்கள். 1752இல் ஆரல்வாய்மொழியில் உயிரையே கொடுத்தார், உண்மை. அவர் தன் உயிரைக் கொடுத்தார், தங்கை உயிரை இல்லை. இந்த விலையை அவள்தான் கொடுக்க முடியும். உபதேசம் பண்ணுகிற சபை என்ன கொடுக்கிறது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியே அடக்கம் பண்ணச் சுவர் வைத்தவர்களும் நம் ஆட்கள்தானே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவர், இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். சபைக்குள்ளும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 1985இல் தோற்றார். ஆதாரம் ஒவ்வொரு ஊர்க் கல்லறையிலும் இருந்தது, அதை எடுத்துச் சொல்லத்தான் சபைக்கு வாய் வரவில்லை. உண்மையாக இரு என்று அவளிடம் சொல்வதற்கு முன்னால் நாம் உண்மையாக இருந்திருக்க வேண்டும்.

கிழக்குத்தெரு:
அக்கா, இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூங்கவில்லை. அவளும் எழுத வேண்டும் என்று சொன்னது தவறு, அதை எடுத்துக்கொள்கிறேன். என் இரண்டு மதிப்பெண் பட்டியலையும் அவள் முன்னால் வைத்து, கிடைக்காமல் போன வேலை இது, இப்போதைய சம்பளம் இவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறாரே. எதை எழுதினாலும் பயிற்சி வகுப்புப் பணம் நான் கட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ஆயரைப் பார்க்கப் போகலாம் என்றாள், அப்பாவும் வர வேண்டுமாம்.

எரிகோ:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அங்கே போனால் அப்பாவைத் தலைகுனிய வைத்துவிடாதே தம்பி. அவர் அப்படி எழுதினதால்தான் நீங்கள் இரண்டு பேரும் படித்தீர்கள்.