சதுரத்தை வேறுவேறு அளவு இருசமபக்கச் செங்கோண முக்கோணிகளாக வெட்ட உதவி தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமைக் கணித வகுப்புக்காக 24 சமீ பக்கமுள்ள சதுரப் புதிரொன்றை பிரிஸ்டல் போர்ட்டில் வெட்ட வேண்டும். எல்லாத் துண்டும் இருசமபக்கச் செங்கோண முக்கோணியாக, ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட வேண்டும்.

பாதி பாதியாக வெட்டுவது சரிவராது. மூலைவிட்டத்தில் வெட்டினால் 24 சமீ செங்கோணப் பக்கமுள்ள (செங்கோணத்தை அடைக்கும் பக்கங்கள்) இரண்டு முக்கோணி. ஒன்றை வைத்துவிட்டு மற்றதை நடுவில் வெட்டினால் 16.97 சமீ உள்ள இரண்டு. அதிலொன்றை வெட்டினால் 12, 12. எங்கே நிறுத்தினாலும் கடைசி இரண்டும் சமமாகவே நிற்கும்.

ஆனால் ஓர் அரைச்சதுரத்தை மட்டும் வேறுவேறு துண்டுகளாகப் பிரித்தால் போதும், மற்றப் பாதி முழுதாக இருக்கலாம். அந்தப் பிரிப்புத்தான் கிடைக்கவில்லை. சமபக்க முக்கோணியை இப்படி வேறுவேறு சமபக்க முக்கோணிகளாகப் பிரிக்கவே முடியாது. செங்கோண வகையில் முடியும், 2000இல் ஸ்கின்னர், ஸ்மித், டட் என்ற கணிதவியலாளர்கள் செவ்வகங்களுக்கு இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தருபவர்கள் சரிபார்க்க: சதுரப் பக்கம் n. செங்கோணப் பக்கங்கள் சதுரத்துக்குச் சமாந்தரமான துண்டுகளின் அந்தப் பக்கம் a, செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரான பக்கம்) சமாந்தரமானவற்றின் செம்பக்கம் h என்றால், a² கூட்டுத்தொகையின் இருமடங்கும் h² கூட்டுத்தொகையும் சேர்ந்து 4n² ஆக வேண்டும். a, h முழு எண்களாயின் இரு வகைக்குமிடையில் சமத்துண்டு வரவே வராது. ஒரே வகைக்குள் மட்டும் பார்த்தால் போதும்.

துண்டு குறைந்த பிரிப்பாக, உச்சிகளின் ஆள்கூறுகளுடன் தாருங்கள். 2 சமீக்குக் குறைந்த துண்டு வேண்டாம், பிள்ளைகள் கையில் தொலைந்துவிடும்.