13 வயதுப் பையன், முழங்கை வலி: கர்வ்பால் பழக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அப்பா: மகன் பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவன்). தினமும் முழு வேகத்தில் வீசுகிறான், முழங்கை வலிக்கிறது என்கிறான். கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) பழக்கலாமா அண்ணா?

சித்தூர் கோச்: முதலில் வீசுவதை நிறுத்துங்கள் தம்பி, டாக்டரிடம் காட்டுங்கள். வலியோடு ஒரு பந்துகூட வேண்டாம். இளம் பிட்சர்களின் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் 13-14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 66-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. நான் அதைவிடக் குறைவாகத்தான் வீசவிடுவேன். வேகம் கையில் மட்டும் இல்லை. காலும் இடுப்பும் தள்ளவேண்டும். ஃபாஸ்ட்பாலும் (வேகப்பந்து) சேஞ்சப்பும் (அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து) சொன்ன இடத்தில் விழட்டும், அப்புறம் கர்வ்பால்.

வேலந்தாவளம் நண்பர்: பிட்ச் பண்ணிய அன்றே கேட்சராகவும் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) நிற்கவிடாதீர்கள்.

அப்பா: சரி. கிரிக்கெட்டிலும் பந்து வீசுகிறானே?

கோச்: அதையும் தோளின் கணக்கில் சேருங்கள். வருடத்தில் 4 மாதமாவது பிட்சிங்கே வேண்டாம்.