சண்டே மார்க்கெட்ல பழைய டிவிடி எல்லாம் கொட்டி விக்கிறாங்க, வாங்கலாமா?

பாண்டி_பரண்:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டில காந்தி வீதி சண்டே மார்க்கெட் போனவங்களுக்கு தெரியும், ஜீன்ஸ், செருப்பு, பழைய சார்ஜர், அட்டை கிழிஞ்ச புக்குனு தரையில தார்ப்பாய் விரிச்சு எல்லாம் கிடக்கும். இப்ப கொஞ்ச நாளா அங்க ஒருத்தர் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா டிவிடி கொண்டாந்து கொட்டுறார். ஏதோ வாடகை லைப்ரரி மூடுன சரக்குனு நினைக்கிறேன், ஒவ்வொரு கவர் மேலயும் நம்பர் ஸ்டிக்கர், சிலதுல லேட்டானா ஒரு நாளைக்கு இவ்ளோனு பேனாவுல எழுதி வேற இருக்கு. பாதி தமிழ், அதுலயும் மூணு படம் ஒரே டிஸ்க்ல வர்ற ரகம் நிறைய, மீதி ஹாலிவுட். தனியா ஒரு பெட்டி ஃபுல்லா பிரெஞ்சு படம், ஊர்ல இருந்து கிளம்புன யாரோ வெள்ளைக்காரங்க போட்டுட்டு போனதா இருக்கும்.

பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. இதையெல்லாம் கண்ணாடி அலமாரில பூட்டி வச்சு, டெபாசிட் கட்டுனாத்தான் கையில குடுப்பாங்க, இப்ப மழைத் தண்ணி பட்ட பெட்டில தக்காளி கூறு கட்டுற மாதிரி கூறு கட்டி வச்சிருக்கார். வர்றவங்க ஒண்ணை எடுத்து திருப்பி பாக்குறாங்க, சிரிக்கிறாங்க, வச்சுட்டு போயிடறாங்க. கடைக்காரருக்கும் படத்தை பத்தி ஒண்ணும் தெரியல, கவர் பளபளன்னு இருந்தா ஒரு ரேட் கவர் இல்லன்னா ஒரு ரேட், அவ்ளோதான்.

எனக்கு ஒரு பை நிறைய அள்ளிட்டு வரணும்னு ஆசை. ஆனா இத்தனை வருஷம் கழிச்சு இதெல்லாம் ஓடுமா, எதை எடுக்கலாம் எதை விடலாம், அந்த பிரெஞ்சு டிஸ்க் எல்லாம் நம்ம ஊர் ப்ளேயர்ல போகுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கடலூர்_சில்வர்:

தம்பி நான் ரொம்ப வருஷம் டிவிடி வாடகை கடைல உக்காந்தவன், அதனால சொல்றேன், கவரை பாக்காதீங்க டிஸ்க்கை வெளிய எடுத்து அடிப்பக்கம் பாருங்க. வெள்ளி கலர்ல இருந்தா ஃபேக்டரில அச்சடிச்சது, ஊதா இல்லன்னா நீலம் அடிச்சா எவனோ கம்ப்யூட்டர்ல ரைட் பண்ணது. ரைட் பண்ணதுல இருக்கிறது வெறும் சாயம், வெயில்லயும் சூட்லயும் கிடந்தா வெளுத்துடும், அதுக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க. அப்புறம் டிஸ்க்கை தூக்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா வெளிச்சம் தெரிஞ்சா உள்ள அலுமினியம் போயிடுச்சுனு அர்த்தம், என்ன தொடைச்சாலும் வராது.

கீறல் இருந்தா உடனே பயப்பட வேணாம். நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா போற கீறல் அனேகமா ஓடிடும், வட்டமா சுத்தி போற கீறல்தான் ஆளை கொல்லும், ஏன்னா லேசர் போற பாதையும் அந்த பக்கம்தான். தொடைக்கும்போதும் அதே கணக்கு, நடுவுல இருந்து வெளிய நேரா தொடைங்க, சுத்தி சுத்தி தேய்க்காதீங்க. விசிடின்னா, அதாவது டிவிடிக்கு முன்னாடி வந்த வீடியோ சிடின்னா, மேல் பக்கத்தையும் பாருங்க, அதுல படம் இருக்கிறதே அந்த லேபிளுக்கு கீழதான், அங்க கீறினா போச்சு. டிவிடி ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கிறதால மேல கீறினா பெருசா ஒண்ணும் ஆகாது. டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சா சரியாகும்னு கடைக்கு வர்ற எல்லாரும் சொல்லுவாங்க, தேய்ச்சு கொண்டு வந்த டிஸ்க்கை மட்டும் எங்க தலைல கட்டிட்டு போவாங்க.

அந்த தமிழ் டிஸ்க் எல்லாம் எப்படி சீப் ஆச்சுன்னு சொல்றேன். 2007 ல மோசர் பேர்ங்கிற கம்பெனி பட டிஸ்க் விக்க உள்ள வந்தாங்க, அதுக்கு முன்னாடி படம் ஏத்தாத காலி டிஸ்க் பண்ணி வித்துட்டு இருந்தவங்க, விசிடி 28 ரூபா டிவிடி 34 ரூபான்னு இறக்கி விட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரிஜினல் டிவிடின்னா நூத்துக்கணக்குல ரூபா, எவன் வாங்குவான்? 2004 ல குண்டர் சட்டத்துல திருட்டு வீடியோவையும் சேர்த்தாங்க, அதுக்கும் சரக்கு நிக்கல, ரேட் குறைஞ்சப்பதான் சாதாரண ஜனம் ஒரிஜினலையே கையில தொட்டுச்சு. ஆனா எங்க பொழப்புல மண்ணு, வாங்குற விலையே வாடகை மாதிரி ஆயிட்டா யார் வாடகைக்கு எடுப்பா. அந்த கம்பெனியும் 2018 ல திவாலாகி, சொத்தை வித்து கணக்கு முடிக்கிற லிக்விடேஷன்ல போச்சு. யாருக்கும் மிஞ்சல.

விழுப்புரம்_எக்ஸ்பிரஸ்:

எதுக்குங்க இந்த குப்பை. நம்ம ஊர் டிவிடி படம் 720க்கு 576 புள்ளி (பிக்சல்), விசிடி அதுல பாதி கூட இல்ல, 352க்கு 288. அம்பத்தஞ்சு இன்ச் டிவில போட்டு பாருங்க, ஹீரோ மூஞ்சி எது மீசை எதுன்னு தெரியாது. அதுலயும் பழைய தமிழ் டிஸ்க் நிறைய, மேலயும் கீழயும் கறுப்பு பட்டையோட சதுர டிவிக்குன்னு பண்ணது, இப்ப டிவில போட்டா நாலு பக்கமும் கறுப்பு, நடுவுல தபால் கார்டு சைஸ்ல படம் ஓடும். மூலையில கம்பெனி லோகோ வேற படம் முடியுற வரைக்கும் உக்காந்திருக்கும். எல்லாம் யூட்யூப்ல சும்மா கிடக்கு, பரண் சுமையை காசு குடுத்து வாங்குவாங்களா.

ஃப்ரேம்_பைத்தியம்:

விழுப்புரம் ப்ரோ, அந்த தபால் கார்டு சைஸ் மேட்டர் உண்மைதான், மறுக்கல. ஆனா யூட்யூப்ல கிடக்குன்னு சொல்றீங்களே, அதுல பாதிக்கு மேல அகலமா எடுத்த படத்தை ரெண்டு பக்கமும் வெட்டி ஸ்க்ரீன் ஃபுல்லா நிரப்பி வச்சிருப்பாங்க, ரெண்டு பேர் பேசுற சீன்ல ஒருத்தர் மூக்கு மட்டும் தெரியும். பாட்டு ரைட்ஸ் பிரச்னைன்னு பாட்டையே தூக்கிட்டு போடுறதும் நடக்குது. ஓடிடில இன்னிக்கு இருக்கிற படம் அடுத்த மாசம் இருக்காது, ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னா ஒரு வார்த்தை சொல்லாம தூக்கிடுவான். அமெரிக்கால நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பர்லதான் தபால்ல டிவிடி அனுப்புறதை நிறுத்துச்சு, கடைசியா அனுப்புன டிஸ்க்கை எல்லாம் நீங்களே வச்சுக்கோங்கன்னு விட்டுட்டாங்க.

பாண்டி_பரண், நான் உங்க இடத்துல இருந்தா தமிழ் காம்போவை விட்டுட்டு நேரா ஹாலிவுட் பெட்டிக்கு போவேன், ரெண்டு டிஸ்க் போட்ட எடிஷன் எதுன்னு தேடுவேன். அதுல டைரக்டர், கேமராமேன் எல்லாம் உக்காந்து சீன் சீனா பேசுற கமெண்டரி டிராக் இருக்கும், வெட்டி போட்ட சீன் இருக்கும், செட் எப்படி போட்டாங்கன்னு டாக்குமெண்டரி இருக்கும். ஃபிலிம் ஸ்கூல் போக வசதி இல்லாத எங்க செட்டுக்கு அதுதான் காலேஜே. அந்த கமெண்டரி எல்லாம் ஓடிடில அனேகமா எங்கயுமே கிடையாது. நம்ம தமிழ் டிவிடில இந்த வேலையை யாரும் பெருசா பண்ணல, அது எனக்கு இன்னும் கடுப்புதான், எத்தனை பெரிய கேமராமேன்லாம் நம்மகிட்ட இருந்தாங்க, ஒரு மைக்கை நீட்டி பேச வச்சிருக்கலாம்.

பிரெஞ்சு டிஸ்க் கதை என்னன்னா, டிவிடிக்குன்னு உலகத்தை ரீஜன் ரீஜனா பிரிச்சு வச்சிருக்காங்க, பிரான்ஸ் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. ரீஜன் லாக் உள்ள ப்ளேயர்னா எரர் காட்டி துப்பிடும், ஆனா நம்ம ஊர்ல வித்த சீப் ப்ளேயர் பலதுல அந்த லாக்கை யாரும் மதிக்கல, போட்டு பாத்தாதான் தெரியும். ரெண்டு ஊர் டிவிடியும் பால் (PAL) வீடியோ சிஸ்டம்ங்கிறதால கலர் பிரச்னை வராது. கம்ப்யூட்டர் டிரைவ்னா ஜாக்கிரதை, ரீஜனை மொத்தம் 5 தடவைதான் மாத்த முடியும், அப்புறம் கடைசியா வச்சதுலயே பூட்டிக்கும். பின் அட்டைல சப்டைட்டில்னு எந்த பாஷை போட்டிருக்குன்னு பாத்துட்டு எடுங்க, நிறைய டிஸ்க்ல பிரெஞ்சுக்கு பிரெஞ்சுலயே சப்டைட்டில் இருக்கும்.

கிளாங்_மச்சான்:

மலேசியாலயும் இதே கதைதான் லா. எங்க அப்பா தமிழ் படம் ஒண்ணு விடாம வாங்கி வச்சவரு, ஐங்கரன், லோட்டஸ் ஃபைவ் ஸ்டார்னு கம்பெனி கம்பெனியா டிஸ்க் ஒரு அலமாரி ஃபுல்லா. இங்க ஒரிஜினல்னா கவர் மேல அரசாங்க ஹாலோகிராம் ஸ்டிக்கர் மின்னும், அது இருக்கான்னு நகத்தால சுரண்டி பாத்துட்டுதான் காசு குடுப்பாரு. கீழ மலாய்ல சப்டைட்டில் ஓடும், பாட்டு வந்தா மட்டும் சப்டைட்டில் காணாம போயிடும், பாட்டுல கதை இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. இப்ப வீடு மாறுறோம், பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, ஒரு ஆளுகிட்ட கேட்டா பெட்டியோட சும்மா குடுங்கன்றான். அப்பா ஒரு வார்த்தை பேசல, பெட்டியை திரும்ப வண்டில ஏத்திட்டாரு. வாங்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ஆனா பேரம் அவருகிட்ட பேசாதீங்க, என்கிட்ட பேசுங்க.

பாண்டி_பரண்:

கடலூர் அண்ணே ரொம்ப நன்றி, இத்தனை நாள் லேபிள் பக்கம் கீறல் இருந்தா கழிச்சு விட்டுட்டு இருந்தேன். ப்ளேயர் ஒண்ணு பழசு இருக்கு, சில டிஸ்க்கை படிக்கும் சிலதை படிக்காது. அதையே வச்சு ஓட்டலாமா, புதுசு தேடணுமா?

கடலூர்_சில்வர்:

முதல்ல லென்ஸை தொடைச்சு பாருங்க தம்பி, காது குடையிற பட்ஸ்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லைட்டா தொட்டு, அழுத்தாம. பாதி கேஸ் அதுலயே சரியாகும். ஆகலன்னா ரிப்பேருக்கு அலையாதீங்க, யூஎஸ்பில சொருகுற டிவிடி டிரைவ் இன்னும் கடைல கிடைக்குது, லேப்டாப்ல இருந்து டிவிக்கு கேபிள் போட்டுக்கலாம். பிடிச்ச படத்தை அப்படியே ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி வச்சுக்கோங்க, மோட்டார் எப்ப நிக்கும்னு யாருக்கு தெரியும்.

விழுப்புரம்_எக்ஸ்பிரஸ்:

சரி இவ்ளோ பேர் ஆசைப்படுறீங்க, எங்க வீட்லயும் ஒரு கோணிப்பை நிறைய கிடக்கு, எல்லாம் வெள்ளிதான், பாத்துட்டேன். கிளாங் மச்சானுக்கு போட்டியா சொல்றேன்னு நினைக்காதீங்க, பாண்டில இருந்து விழுப்புரம் ஒரு மணி நேரம்தான். ரேட் இன்பாக்ஸ்ல பேசலாம்.